மூன்று மணிச் சாம்பிள்

குரோனிங்கன். ஜன்னலுக்கு வெளியே சைக்கிள்கள்
மழையில் சாய்ந்து கிடக்கின்றன.
சிவப்பு விளக்கொளியில் வீட்ஸ்கெ
பதினாறாம் கூண்டைத் திறக்கிறாள்.

எலிக்கு இது நண்பகல்.
அதன் ஈரல் கொழுப்பைக் காய்ச்சிப்
பித்தமாக இறக்கிக்கொண்டிருக்கிறது.
யாரும் மணியடிக்கவில்லை;
சூரியனைப் பார்த்ததுமில்லை அந்த ஈரல்.

கத்தரிக்கோல். திரவ நைட்ரஜன். குழாயில் எண்: 03.00.
ஃபிரீசிய மொழியில் ஒரு மன்னிப்புச் சொல்வாள்,
பதிவேட்டில் அதற்குக் கட்டமில்லை.

பிறகு வராந்தாவில் நின்றபடி
பாலாடைக்கட்டி ரொட்டியை விழுங்குகிறாள்.
பித்தம் தலைக்கேறும் என்பார்கள்.
இவளுக்குக் குடலுக்கே இறங்க மறுக்கிறது.
விலா எலும்புக்குக் கீழே ஒருவன்
கதவைச் சாத்திவிட்டுத் தூங்குகிறான்;
விருந்து வாசலில் நிற்கிறது.

மூன்றாம் ஆண்டாக இரவுப்பணி.
மகன் யெல்லே எழும்போது இவள் படுப்பாள்.

ஏழு மணிச் சாம்பிளுக்கு நேரமிருக்கிறது.
கடைசிக் கூண்டில்
பகலில் மட்டுமே தீனி பெற்ற எலி.
சில நாளில் அதன் ஈரல்
மூளையோடு பேச்சை முறித்துக்கொண்டு
தட்டு வரும் பக்கம் சேர்ந்துவிட்டது.

அதைத் தேவைக்கு மேல் பார்க்கிறாள்.
மீதி ரொட்டியைத் தாளில் மடிக்கிறாள்:
வீட்டில், மேசையில்,
யெல்லே எழும் வெளிச்சத்தில்.