நொடிக்கு இருபது முறை

வென்ட்ஸ்பில்ஸ் துறைமுகம், மைனஸ் பதினொன்று.
மற்ற இரவுகளில் நான் சூடான அறையில் உட்கார்ந்து
இவர்களுடைய காற்றைக் கவனித்துக்கொள்பவள்.
இன்று ரூட்டாவுக்குக் காய்ச்சல்.
எட்டாம் பாரந்தூக்கியின் ரிமோட்
என் வயிற்றில் கட்டியிருக்கிறது.

ஒன்பதாவது உன்னுடையது, அய்வார்ஸ்.
கோர்ட்டில் கையெழுத்திட்ட அன்றே
உன் பக்கம் வராத ஷிப்ட் கேட்டேன்.
மேலாளர் சிரித்தார்: "காற்று என்ன சின்னதா?"

சின்னதுதான்.
எழுபத்தொன்பது தடங்கள், அவ்வளவே.
ரிமோட் எதிலும் தங்குவதில்லை.
வெந்நீராவிக் குளியலறையில்
சூட்டுக் கல்லை மிதித்துவிட்டவன் போல
நொடிக்கு ஆயிரத்து அறுநூறு முறை தாவும்.
அடுத்த தடம் எதுவென்று
அதற்கும் அதன் ரிசீவருக்கும் மட்டும் தெரியும்:
ஒரே விதை எண், ஒத்துப்போகும் கடிகாரம்.
வெளியாளுக்கு அது வெறும் இரைச்சல்.

நமக்கும் அப்படி ஒரு விதை எண் இருந்தது.
கடிகாரம்தான் பிசகியது,
நாளுக்கு ஒரு துளி.

நாற்பது மீட்டர் தள்ளி நிற்கிறாய்.
பனிக்குள் உன் ஆரஞ்சு நிறச் சட்டை.
கை விறைக்காமலிருக்கக் கணக்குப் போட்டேன்:
ஆயிரத்து அறுநூறை எழுபத்தொன்பதால் வகுத்தால்
இருபது, சொச்சம்.
நொடிக்கு இருபது முறை
நீயும் நானும் ஒரே தடத்தில் குதித்து
ஒருவர் சொல்லை ஒருவர் நசுக்குகிறோம்.

ஆனாலும் உன் கொக்கியில் தொங்கும் பைன் மரக்கட்டு
ஒரு விரற்கடைகூட ஆடவில்லை.
ஒவ்வொரு துணுக்கையும் மும்முறை அனுப்புகிறோமே!
ஒன்று சிதைந்தால் இருக்கட்டும்,
மற்ற இரண்டும் ஒத்திருந்தால் அதுவே பேச்சு.

அன்று சமையலறையில்
பூட்ஸ் மாட்டிக்கொண்டே நீ சொன்னதை
ஒரு தடவைதான் சொன்னாய்.
ஃபிரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது.
காதில் விழுந்த பாதிக்கு
மீதியை நானே நிரப்பிக்கொண்டேன்.
திருப்பிச் சொல் என்று கேட்கவில்லை.

ஆறு மணிக்கு ரிமோட்டின் பதிவேட்டைப் பார்த்தேன்.
திருத்தப்பட்ட பிழைகள்:
நான்கு லட்சத்து முப்பத்தோராயிரத்து எண்பத்தேழு.
இழந்தவை: ஒன்றுமில்லை.
ரூட்டா நாளை வந்துவிடுவாளாம்.

கப்பல் கயிறு அவிழ்த்தார்கள்.
அந்தப் பக்கத்திலிருந்து நீ
கையுறைக் கையை ஒருமுறை தூக்கினாய்.
எனக்கா, மாலுமிக்கா,
விரல் மரத்துப்போய் உதறினாயா?

இன்னும் இரண்டு முறைக்காக
நின்றுகொண்டிருந்தேன்.