எத்தனை விட்ட உறவு

விளக்கைப் போடாதே என்கிறாள் ஓடில்.
அவளுடைய சிவப்புக் கைவிளக்கு
சுண்ணாம்புச் சுவரில் மெல்ல ஏறுகிறது.
பன்னிரண்டு, பதின்மூன்று.
அந்தப் பொந்தில் இரண்டு,
வால் ஊசியோடு ஒன்று.

சேன் ஜிரோனுக்கு மேலே, மலைக்குள்,
பாலாடைக்கட்டி பழுக்கும் குகையில்
எனக்கு இரவு வேலை:
நானூறு வட்டுகளைப் புரட்ட வேண்டும்,
உப்புத் தண்ணீரில் துடைக்க வேண்டும்.
அவளுக்கு எண்ணுகிற வேலை.

சுவர்க்கோழி என்போமே, அந்த இனம்.
ஆனால் இது கூவாது.
சிறகில்லை, உரச ஒன்றுமில்லை,
கூவினாலும் கேட்கக் காதில்லை.
உடம்பைப் போல் நாலு மடங்கு மீசை.
அதைக் கொண்டே
இருட்டைத் தடவித் தடவிப் படிக்கிறது.

இதற்கும் உனக்கும் என்ன உறவு, தெரியுமா?

போன வாரம் ஃபுவாவில்,
வதிவிட அட்டை வாங்கப் போன இடத்தில்
இதையே தாளில் கேட்டிருந்தார்கள்.
பிரான்சில் உறவினர்:
ஒரு கோடு இழுத்துவிட்டு வந்தேன்.

ஓடில் விரல் மடக்குகிறாள்.
வட்டின் மேல் சாம்பல் பூத்த பூஞ்சணம் சொந்தம்.
அது படுத்திருக்கும் பலகையின் மரமும் சொந்தம்தான்,
ஆனால் பூஞ்சணம் அளவுக்கு நெருக்கமில்லை.
ஒன்று விட்ட, இரண்டு விட்ட என்று
சகோதரரை எண்ணுவோம் நாங்கள் என்கிறேன்.
சிரிக்கிறாள்.
அப்படியானால் பூஞ்சணம்
நூறு கோடி வருடம் விட்ட தம்பி.
சுவர்க்கோழி அறுபது கோடி, பக்கத்து வீடு.
நான் துணியால் தேய்த்துப் பரப்புகிற
செம்மஞ்சள் பிசுபிசுப்பு மட்டும் வேறு குடி.
அதன் உயிரணுவுக்குள் தடுப்பே இல்லை.

நமக்கு உள்ளறை உண்டு, ஏடுகள் அங்கே பத்திரம்.
மூச்சுக்கோ வெளியாள்.
எப்போதோ ஒன்று இன்னொன்றை விழுங்கியது,
செரிக்கவில்லை.
உள்ளே போனதும் திரும்பி வரவில்லை.
அங்கேயே அடுப்பு மூட்டிக்கொண்டது.

மெய்க்கருவுயிரி.
சொல்லிப் பார்த்தாள், பாதியில் மூச்சு முட்டியது.
அவள் பதிவேட்டின் ஓரத்தில்
ஒரு மெய்யெழுத்தை எழுதிக் காட்டினேன்.
க் என்பதற்குள் அ நுழைந்தால் க.
புள்ளி எங்கே போயிற்று என்றாள்.
இத்தனை வருடத்தில்
நான் அதைக் கேட்டதே இல்லை.

இருபத்தேழு என்று எழுதிப் பேனாவை மூடினாள்.
என் கையுறைமேல் ஒன்று ஏறியிருந்தது.
மீசை நுனி
மணிக்கட்டின் ஈரத்தைத் தொட்டு,
கொஞ்சம் யோசித்து,
கட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டது.

இருபத்தெட்டு என்றேன்.
அடித்துத் திருத்தினாள்.