ஈயப் பொட்டு

தலவாக்கலையில் மூன்று பலகைக் கடை வைத்தவனுக்கும்
முதலாளி என்றுதான் பெயர்.
கொழும்பில் கண்ணாடிக் கட்டடத்தில் இருப்பவனுக்கும்
அதே பெயர்.
இடையில் எத்தனை வளைவு, எத்தனை சரிவு,
அந்தச் சொல் மட்டும் சறுக்காமல் வந்து சேர்ந்திருக்கிறது.

மாசிக் கடைசியில் நாட்டரிசிக்கு விலை குறித்து
வர்த்தமானி வந்தது.
நான் வாங்கிய விலைக்கும் நாலு ரூபாய் கீழே.
தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
மூன்று மொழியிலும் அதே நட்டம்.

விஜேகோன் மாத்தயா குடையை வாசலில் உதறிவிட்டு
தண்டம் எழுத உட்கார்ந்தார்.
'விலையை நீங்கள் போட்டால்
இதற்குப் பேர் சந்தையா மாத்தயா?
விலை தண்ணீர் மாதிரி. மறித்தால் பின்னால் ஏறும்.
கீழே பாருங்கள், அணை கட்டினீர்கள்,
அருவி இப்போது கந்தோர் நேரத்துக்கு விழுகிறது.'
தலை நிமிராமல் சொன்னார்:
'உங்கள் பல்பு எரிகிறதே.'

நுவரெலியா கோர்ட்டில் கட்டினேன்.
பஸ் காசு தனி.

அடுத்த கிழமை ஆலையிலிருந்து மூட்டை இறங்கியது.
ஐம்பது என்று வாயில் தைத்திருந்தது.
பத்துப் பத்தாக நிறுத்தேன்,
நாற்பத்தெட்டோடு அரிசி முடிந்துவிட்டது.
ஆலைக்காரன் ஃபோனில் சிரித்தான்:
'விருப்பமென்றால் எடு. சுதந்திரமான வியாபாரம்தானே.'

என் வசனம்.
என் வாயிலிருந்து எப்போது எடுத்துப் போனான்?

வெட்கத்தை விட்டு, குடை உதறுகிறவருக்கே பேசினேன்.
அவர் குத்திக் காட்டவில்லை.
அது வேறு திணைக்களம் என்று
ஒரு நம்பர் தந்தார்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றாள் பவுனம்மா,
கடன் கொப்பியில் நாலாம் பக்கத்துக்காரி.
படிக்கல்லைக் கவிழ்த்து
அடியில் இருந்த ஈயப் பொட்டை,
அதில் அடித்த முத்திரையை,
கறை ஏறிய விரலால் தடவினாள்.
'இது மலைக்கு ஏறாதா முதலாளி?'

தோளில் கிடந்த கொழுந்துச் சாக்கை எடுத்துத்
தட்டில் போட்டாள்.
'இதுக்கு ரெண்டு கிலோ கழிக்கிறாங்க.
மழைன்னா மேல ஒண்ணு.
ஒருக்கா நிறுத்துப் பாருங்களேன்.'

இருநூறு வைத்தேன். இன்னோர் இருநூறு.
ஒரு பத்து.
தட்டுகள் நேராக நின்றன.
ஈரத்தோடு.

வெற்றிலை கேட்டவர் வெற்றிலையை மறந்தார்.
பவுனம்மா விரல் மடக்கினாள்:
இத்தனை கிலோ ஓர் அரைப் பேர்,
இத்தனை அரைப் பேர் ஒரு மாசம்,
'இருபத்தாறு வருசம்' என்றவள்
மடக்கிய விரலை அப்படியே விட்டுவிட்டாள்.

அவள் சம்பளத்துக்கும் வர்த்தமானி உண்டு.
அதில் சாக்கின் எடை இல்லை.
பிடிக்காவிட்டால் போ என்பார்கள்,
அதுவும் சுதந்திரம்தான்.
லயம் அவர்களுடையது, இறங்கும் பாதை அவர்களுடையது,
பாதை முடியும் இடத்தில் நான் இருக்கிறேன்,
கடன் கொப்பியோடு.

இன்னும் சொல்கிறேன்,
நட்டத்துக்கு விற்கச் சொல்வது அநியாயம்.
அந்தக் கட்சியை நான் விடவில்லை.
ஆனால் இந்த ஈயப் பொட்டைச் சுரண்டி எடுத்துவிட்டால்
என் கடையில் நானே அரிசி வாங்க மாட்டேன்.
இரண்டும் ஒரே சர்க்காரின் கை.
ஒன்று என் கழுத்தில் கிடக்கிறது,
மற்றது என் தராசைத் தாங்குகிறது.
எதை உதற, எப்படி உதற,
எனக்குத் தெரியவில்லை.

'மூணு கிலோ போடுங்க.
கவுர்மெண்டு விலைக்கா, உங்க விலைக்கா?'
சிரிக்காமல்தான் கேட்டாள்.

என்ன விலை வாங்கினேன் என்று சொல்ல மாட்டேன்,
மாத்தயா கேட்டாலும்,
ஆலைக்காரன் கேட்டாலும்.
மூன்று கிலோ நிறுத்தேன்.
படிக்கல் இருந்த தட்டில்
ஒரு வெறும் பையையும் வைத்து.