ஐந்து கட்டம்

செவ்வாய்க்கிழமைகளில்
ஹிலரி தாக்ரேவுக்கு வயிற்றுவலி.
காலை ஒன்பதரைக்குத் தொடங்கும்,
இடையில் தேநீருக்கு நிற்கும்,
பன்னிரண்டரைக்கு விட்டுவிடும்.
மணிக்குப் பதினான்கு பவுண்டு. பஸ் செலவு தனி.

ஹல் நகரத்து மருத்துவக் கல்லூரி
அவளுக்குக் கொடுத்த அட்டையில்
வலி எங்கே, எத்தனை நாளாய்,
எங்கே அழுத்தினால் முகம் சுளிப்பது
எல்லாம் இருக்கிறது.
கடைசி வரி தடித்த எழுத்தில்:
குடிப்பதுண்டு. மூன்று முறை கேட்டாலொழியச் சொல்லாதே.

இல்லாத வலியை உண்டென்று காட்டினால் சிமுலேட்.
இருக்கிற குடியை இல்லையென்று மறைத்தால் டிசெம்பிள்.
ஒன்று கடை விரிக்கிறது, ஒன்று கதவடைக்கிறது.
முகம் ஒன்றுதான்,
சம்பளமும்.

பஸ் நிலையத்தில் இருபது வருஷம் டிக்கெட் கொடுத்தவள்.
திங்கள்தோறும் ரெஜ் ஸ்டாதர்ஸின் முதுகு பிடித்துக்கொள்ளும்.
அது மலிங்கர்.
லீவுக்காக மட்டும் நோகிற நோவுக்கு
இத்தனை துல்லியமாய் ஒரு சொல்லா?
முதலாளி யாரோ செய்து கொடுத்திருப்பான் என்பாள்.
பக்கத்துத் தெருவில் பிறந்த மேலாளர்
லண்டன் நாக்கில் பேசியது அஃபெக்ட்.
பொய் என்று சொல்லிவிட முடியாது.
கோட்டுக்குள் பஞ்சு வைத்துத் தைத்த தோள்,
அவ்வளவுதான்.

இடைவேளையில் குறுக்கெழுத்து.
இடமிருந்து வலம், ஒன்பது: பாசாங்கு செய்.
ஐந்து கட்டம்.
பிளஃப் பொருந்துகிறது. ஃபெய்னும் பொருந்துகிறது.
பிளஃப், கையில் சீட்டில்லாதவன் நெஞ்சை நிமிர்த்துவது.
ஃபெய்ன், படித்தவர்கள் மயங்கி விழ வைத்துக்கொண்ட சொல்;
விழுந்தாலும் உடுப்பு கசங்காது.
ப்ரிடெண்ட் என்றால் கட்டம் போதாது.
அது பிள்ளைகளுக்கும் ஆகும்:
வெறுங்கோப்பையை ஊதி ஊதிக் குடிப்பார்களே,
யாரும் ஏமாறாத பாவனை.
ஷாம் ஏமாந்தவர் சொல்வது,
எல்லாம் முடிந்து, கதவை அறைந்த பிறகு.

பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு
மறுபடி படுக்கையில் ஏறினாள்.

ஏழு மாணவர்கள் வந்து போனார்கள்.
ஏழு தலைகளும் ஒரே பக்கம் சாய்ந்தன.
"உங்களுக்கு இது ரொம்பச் சிரமமாய் இருந்திருக்கும்."
அந்த வாக்கியத்துக்கு இரண்டு மதிப்பெண்.
யாருக்கு அட்டை கொடுத்தார்கள் என்றே
ஒரு கணம் குழம்பிப் போயிற்று அவளுக்கு.

எட்டாவது நைல் டிப்பெட்.
வாக்கியத்தை மறந்துவிட்டான்.
உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கி
அப்புறம்தான் வயிற்றில் வைத்தான்.
குடிப்பீர்களா?
இல்லை.
எப்போதாவது, ஒன்றிரண்டு?
இல்லை.
மூன்றாம் முறை கேட்கவில்லை.
"வீட்டில் யார் இருக்கிறார்கள்?" என்றான்.

அட்டையில் அதற்குப் பதில் இல்லை.

"பெர்னார்ட்," என்றாள்.
"நான் கதவைத் திறந்ததும் தூங்கிப்போவார்.
கண் மூடியிருக்கும், மூச்சு விழித்திருக்கும்.
எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியும்.
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு
அடிமேல் அடி வைத்துப் போவேன்,
எழுப்பிவிடக் கூடாதாம்.
பதினொரு வருஷம்.
இதற்கு ஏதாவது பெயர் இருக்கிறதா, டாக்டர்?"

அவன் எழுதிக்கொள்ளவில்லை.
மணி அடித்தது.

தேர்வாளர் குறித்தார்: மது குறித்து அறியத் தவறினார்.
ஹிலரிக்கும் ஒரு தாள் உண்டு.
நான் சொன்னதை இவர் காதுகொடுத்துக் கேட்டார்.
ஒன்றிலிருந்து ஐந்து வரை கட்டங்கள்.
பென்சில் கூர் மழுங்கியிருந்தது.
ஐந்தாவதில் அழுத்திப் போட்டாள்,
தாள் கிழிகிற அளவுக்கு.

குறுக்கெழுத்து பஸ்ஸிலும் முடியவில்லை.

வீட்டில் அவர் சோபாவில்,
நாளிதழ் மார்பில், கண் மூடி.
செருப்பைக் கழற்றாமல் நடுக்கூடத்தில் நின்று
"பெர்னார்ட், வயிறு வலிக்கிறது," என்றாள்.

கண்ணைத் திறக்காமலே சொன்னார்:
"இன்றைக்குச் செவ்வாய்தானே."