அது இன்னும் தீரவில்லை

குவோப்பியோ நகரில்
ஏரிக்கு முதுகு காட்டி நிற்கும்
நாலு மாடிக் கட்டடம்.
அதன் நிலவறையில் எல்லாருக்கும் பொதுவாக
ஒரு சவுனா.

கதவில் தாள், தாளில் பெயர்கள்.
வெள்ளி ஐந்து மணி: லெஹ்தோ குடும்பம்.
ஆறு மணி: ஆர்வோ ஹிர்வொனன், தனியாள்.
ஏழுக்கு யாருமில்லை, அந்த வீடு விலைக்கு நிற்கிறது.
எட்டு மணிதான் தூலிக்கிக்கு.

பகலெல்லாம் தபால் பிரிக்கிறவள்.
முகவரி தெரியும், முகம் தெரியாது.
இந்தக் கட்டடத்திலும் அப்படித்தான்,
மாடிப்படியில் எதிர்ப்பட்டால்
ஒருவர் சுவரைப் பார்ப்பார், ஒருவர் சாவியை.

அவர்கள் விட்டுப்போவது சோப்புச் சில்லுகள்.
பலகை இடுக்கில், வடிகால் ஓரத்தில்,
வாளியின் அடியில் ஒட்டிக்கொண்டு.
லெஹ்தோ குழந்தைகளின் ஸ்ட்ராபெரி, பல் பட்ட தடத்தோடு.
ஹிர்வொனனின் கறுத்த தார் சோப்பு,
புகையும் பைன் மரமுமாய் மணப்பது,
நகத்தைவிட மெலியும்வரை
விடாமல் தேய்த்தது.

கல்லில் ஒரு கரண்டி நீர் ஊற்றுவாள்.
கல் சீறும். ஆவி தோளில் வந்து உட்காரும்.
அந்தச் சூட்டில் சில்லுகள் இளகும்.
சிவப்பு, கறுப்பு, தன்னுடைய வெள்ளை,
எல்லாவற்றையும் உள்ளங்கைக்குள் வைத்து அழுத்துவாள்.
அவசரப்பட்டால் பிரிந்துவிடும்.
கோபத்தோடு அழுத்தினால் வழுக்கி
வடிகாலுக்கு ஓடும். ஓடியிருக்கிறது.
ஆகவே ஒன்றும் நினைக்காமல்,
அல்லது நினைப்பது வந்து போகும்வரை காத்திருந்து,
விரல் விரலாக.
பிறகு கழுத்து, கக்கம், நின்று வீங்கிய கணுக்கால்.
முதுகின் நடுவில் மட்டும்
கை எட்டாத ஓரிடம்
நுரை காணாமலே இருக்கும்.

மார்ச்சில், அறிவிப்புப் பலகையில்,
சைக்கிள் கொட்டகைக்கும் பனி வாரும் முறைக்கும் நடுவே
கட்டை எழுத்தில் ஒரு சீட்டு:
“சவுனாவில் வைத்த என் தார் சோப்பைக் காணவில்லை.
அது இன்னும் தீரவில்லை. ஆ. ஹி.”

மூன்று முறை படித்தாள்.
பனிக்காலம் முழுக்கத் திருடியிருக்கிறாள்,
ஓர் ஆளின் கடைசி நுரைகளை.
காது சுட்டது, சவுனா இல்லாமலே.

வீட்டில் கத்தியைச் சூடாக்கி
கட்டியை இரண்டாக அறுத்தாள்.
வெட்டுமுகத்தில் வரிவரியாகச்
சிவப்பு, கறுப்பு, வெள்ளை, மறுபடி கறுப்பு,
பன்றிக்கறித் துண்டு போல.
வெள்ளிக்கிழமை, ஆறு அடிக்குமுன்
பாதியைப் பலகையில் வைத்துவிட்டு வந்தாள்.
எழுத ஒன்றும் தோன்றவில்லை.

எட்டு மணிக்குப் போனால்
பாதி இல்லை.
வாளியின் விளிம்பில்
தார்ச் சில்லு ஒன்று, கழுவி, ஈரம் துடைத்து,
தவறவிட்டதாகச் சொல்ல முடியாத இடத்தில்.
பக்கத்தில் சுவரில் சாய்ந்து
நீளப் பிடிபோட்ட ஒரு தூரிகை.
மறந்ததா, வைத்ததா,
அதற்கும் ஒரு சீட்டு வந்தால்தான் தெரியும்.

ஒரு கரண்டி நீர். கல் சீறியது.
தூரிகையில் நுரை ஏற்றி
முதுகுக்குப் பின்னால்
மெல்லக் கொண்டுபோனாள்.