பூஜ்யக் காற்று

கிளைப்பேடா துறைமுகத்தில் நவம்பர்.
நாலு மணிக்கே விளக்குப் போட்டாயிற்று.
உக்னே ஒரு ஊறுகாய் வெள்ளரியைக் கடித்தபடி
பழைய சோதனைகளை ஓட்டிப் பார்க்கிறாள்.
இருநூற்றுப் பதினொன்றும் பச்சை.
இவ்வளவு பச்சை அவளுக்குப் பிடிக்காது.

காற்றுமானியைக் கேட்கும் சின்னச் செயல்கூறு,
பதினெட்டே வரி.
அலைதடுப்பின் முனையில்
கம்பத்து உச்சியில் சுழலும் கிண்ணங்களிடம்
"எவ்வளவு?" என்று கேட்கும்.
பதில் இல்லையா, ஒரு வினாடி பொறுத்துக் கேட்கும்.
இல்லையா, இரண்டு. இல்லையா, நான்கு.
அதற்கும் மௌனம் என்றால்
பிழை என்று உரக்கக் கத்த வேண்டும்.
அதுதான் பேச்சு.

டைப்ஸ்கிரிப்ட் ஒழுங்கான ஆள்.
வரப்போவது எண் என்று அடித்துச் சொல்லும்,
சொல் வந்தால் வாசலிலேயே நிறுத்தும்.
எப்போது வரும் என்றால் உதட்டைப் பிதுக்கும்.
வந்த எண் மெய்யா என்றாலும்
அதே உதடு.

சோதனையின் கடைசி வரி:
இது முறியும் என எதிர்பார்க்கிறேன்.
அதற்கு முன்னால் ஒரு சொல் இல்லை.
அவெய்ட்.
ஆக்கப் பொறுத்த கை ஆறப் பொறுக்கவில்லை.
வாக்குறுதி வந்து சேருமுன்பே
சோதனை கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டது.
யாரும் குறை சொல்லவில்லை,
அதனால் பச்சை.
(ஏழு வினாடி ஆக வேண்டியது
மூன்று மில்லிவினாடியில் முடிவதை
நான்கு வருடமாக ஒருவரும் சந்தேகிக்கவில்லை.
வேகம் என்று நினைத்தார்கள்.)

யார் எழுதியது?
ரிம்விதாஸின் பெயரை எதிர்பார்த்து,
கொஞ்சம் ஆசையோடுதான்,
வரலாற்றைத் திறந்தாள்.

உக்னே.
ஒரு வெள்ளிக்கிழமை, மாலை 5:52.

ஆறு மணிப் படகு.
காயலுக்கு அந்தப் பக்கம்
மீன் சூப் வைத்திருக்கிறேன் என்ற ஒருவன்.
முகம் இப்போது மங்கல்.
சூப்பில் உப்பு அதிகம், அது நினைவிருக்கிறது.

விட்டுப்போன சொல்லைச் சேர்த்து ஓட்டினாள்.
ஐந்தாம் வினாடியில் சோதனைச் சட்டகமே
பொறுமை இழந்து, நேரம் கடந்தது என்றது.
சரி,
பொய்க் கடிகாரம் ஒன்றை மாட்டினாள்.
அதில் வரிசை முக்கியம்:
எதிர்பார்ப்பை முதலில் விரித்துப் பிடி,
பிறகு நேரத்தைத் தள்ளு.
முந்தித் தள்ளினால்
விழுகிற பிழையை ஏந்த ஆளிருக்காது.

ஏழாயிரம் மில்லிவினாடியைத் தள்ளினாள்.
சன்னலுக்கு வெளியே பறந்த கடற்காகம்
இன்னும் ஒரு சிறகடிப்பைக்கூட முடிக்கவில்லை.

சிவப்பு.
முறிய வேண்டும், முறியவில்லை.
வந்த மதிப்பு: 0.

கத்த வேண்டிய இடத்தில் யாரோ,
சரி, அவளேதான்,
பூஜ்யத்தைக் கொடுத்து அனுப்பியிருக்கிறாள்.
திவலை உறைந்து கிண்ணங்கள் சிக்கிக்கொள்ளும் நாட்களில்,
அதாவது கடல் எழுந்து நிற்கும் நாட்களில்,
திரை சொல்லியிருக்கிறது: காற்று 0.
வழிகாட்டிப் படகின் வைதோதாஸ்
குளிர்காலம் தவறாமல் சொல்வார்,
"நாங்கள் குடல் வெளியே வர வாந்தியெடுக்கும்போதெல்லாம்
உங்கள் திரையில் கடல் தூங்குகிறது."
அலுவலகமே சிரிக்கும்.
அவளும் சிரித்திருக்கிறாள்.

திருத்த நாற்பது நிமிடம்.
மறுபடி பச்சை,
இந்த முறை ஓடி வந்து மூச்சிரைக்கும் பச்சை.
அன்று மூன்று படகுகளைத் தவறவிட்டாள்.

வியாழன் காலை தொலைபேசி.
"உங்கள் திரை கெட்டுப்போச்சு, உக்னே.
காற்று: தெரியவில்லை. இப்படிக் காட்டுது."
"இல்லை. இப்போதுதான் சரியாகியிருக்கிறது."

மறுமுனையில் படகின் வயிற்றில் அலை மோதுகிறது.
வைதோதாஸ் எதுவும் சொல்லவில்லை.
அவள் ஃபோனை வைக்கவில்லை.