ஆறு மணி நேரப் பட்டினி

சேர்மக்கனி நேற்றிரவிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை.
சர்க்கரை தொண்ணூற்றெட்டு. போதும்.
வெளியே குவைத் நாற்பத்தெட்டு டிகிரியில் கொதிக்க
உள்ளே அவருக்கு இரண்டு கம்பளி.
ஈயத் திரைக்குப் பின்னிருந்து ஏற்றுகிறேன்
கதிர் கலந்த சர்க்கரையை.
நூற்றுப்பத்து நிமிடத்தில் அது பாதியாகிவிடும்.

"ஒரு மணி நேரம் பேசக் கூடாது, அசையக் கூடாது."
"வாட்ச்மேனுக்கு இதெல்லாம் பழக்கம் சிஸ்டர்"
என்று பேசினார்.

திரையில் முதலில் எரிவது மூளை.
அது எப்போதும் எரியும், நேர்மையான பசி.
அப்புறம் நீர்ப்பை.
அப்புறம் வலது நுரையீரலில்
யாரோ அணைக்க மறந்த பல்பு.
போன படத்தில் பட்டாணி. இதில் எலுமிச்சை.

சட்டையை மாட்டிக்கொண்டே கேட்டார்:
"உடம்புக்குள்ள காவல் இருக்காமே,
அவனுங்க எங்க போனானுங்க?"

எங்கும் போகவில்லை. கட்டிக்குள்ளேயே நிற்கிறார்கள்.
அதுவோ
காற்று தாராளமாய்க் கிடைத்தாலும்
சர்க்கரையை அரைகுறையாய் மென்று துப்பும் ரகம்.
அள்ளி அள்ளித் தின்னும். துப்புவதெல்லாம் புளிப்பு.
வருகிற வெள்ளணுவுக்குப் பருக்கை மிஞ்சாது.
அந்தப் புளிப்பையே குடித்துத் தெம்பாகிற சிலர்
காவலரையே அதட்டி உட்காரவைப்பார்கள்.
எதிரியைத் தெரியும். கை எழாது.

அவர் பொத்தானை விட்டுவிட்டார்.

"ஷுஐபா குடோன்ல மூணு மாசம் சம்பளம் இல்ல.
மெஸ்ல கார்டைப் பிடுங்கிட்டான்.
குப்பூஸ், தண்ணி, திரும்பக் குப்பூஸ்.
ஒரு ராத்திரி காப்பர் கேபிளை லாரில ஏத்துறானுங்க.
பார்த்தேன் சிஸ்டர். நம்பர் பிளேட்டைக்கூடப் படிச்சேன்.
விசில் வாயிலதான் இருந்துச்சு.
ஊத மூச்சு வரல.
தூங்கிட்டான்னு எழுதினாங்க.
கையெழுத்துப் போட்டேன்."

மூன்று வாரத்துக்கொருமுறை
கீழ்த்தளத்தில் சொட்டுச் சொட்டாய் ஏறும் மருந்து
காவலரின் கைக்கட்டை அவிழ்க்கும்.
பசிக்கு அதில் எதுவும் இல்லை.
இதை நான் சொல்லவில்லை.
படம் பிடிப்பது மட்டும்தான் என் வேலை.

விதிப்படி ஒரு மாம்பழ ஜூஸ், இரண்டு பிஸ்கட் கொடுத்தேன்.
ஸ்ட்ராவைக் குத்தப் போனவர் நிறுத்தினார்.
"இதைக் குடிச்சா அதுக்கும் போகுமா?"
"போகும்."
"காவலுக்கு?"
"கொஞ்சம்."

உறிஞ்சி முடித்தார், அடியில் சத்தம் வரும்வரை.
டப்பாவைக் குலுக்கிப் பார்த்தார்.

"அப்ப இன்னொண்ணு குடுங்க."